காட்டைப் படிக்கும் பெண்கள்



நாம் குடியிருக்கும் மாநிலத்தின் பெயர் ஒரு மரத்தின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். சுமார் 1400-ஆம் ஆண்டு வாக்கில் பரமேஸ்வரா என்ற அரசர் வேட்டைக்கு வந்து ஒரு மரத்தடியில் இளைப்பாறினார்; அவருடைய நாயை ஒரு சருகுமான் எட்டி உதைத்தது; ‘இந்த மண்ணில் சருகுமானுக்கே இத்தனை வீரமா’ என்று வியந்து, அந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்று கதை சொல்கிறார்கள். அந்த மரத்தை மலாய்க்காரர்கள் மலாக்கா மரம் என்பார்கள். நமக்கு அது நெல்லி. நம் பாட்டிமார் உப்பில் ஊறப்போட்ட நெல்லியும், இங்கே காட்டில் காய்க்கும் நெல்லியும் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

ஆக, நெல்லி மரத்தின் பெயரைச் சூடிய மாநிலத்தில் நாம் இருக்கிறோம். ஆனால் காடு என்று சொல்ல இங்கே எவ்வளவு மிச்சமிருக்கிறது? மலாக்கா மாநிலத்தின் வனக்காப்பு நிலங்கள் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ஹெக்டரை ஒட்டித்தான் இருக்கும். கோலா சுங்கை பாருவிலிருந்து மஸ்ஜிட் தானா வழியாக மலாக்கா நகருக்குப் போகும்போது சுங்கை ஊடாங் வனப் பூங்கா வரும். வடக்கே கடற்கரையோரமாகப் போனால் லிங்கி ஆற்றுச் சதுப்புக்காடு. அதையும் தாண்டினால் தஞ்சோங் துவான் முனையில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஒரு சிறு காடு. சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வரும் தேன்பருந்துகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த முனையில்தான் கரையேறுகின்றன. மற்றபடி நம் கண்ணுக்கு எட்டிய வரையில் செம்பனை. ஆங்காங்கே பழைய பால்மரம்.

‘செம்பனையும் மரம்தானே, தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது, அதுவும் காடுதானே’ என்று சில பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. நமக்கு அடுத்த மாநிலமான நெகிரி செம்பிலானில் பாசோ என்ற இடத்தில் ஒரு காடு இருக்கிறது. மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த காடு. 1980-களின் நடுவில் அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, சுண்டுவிரல் பருமனுள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் எண் குத்தி, பெயர் எழுதி, சுற்றளவு எடுத்தார்கள். என். மனோகரன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த வேலை அது. எண்ணி முடித்தபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள். அவற்றில் எண்ணூறுக்கு மேற்பட்ட வகைகள். நம் தோட்டத்தில் ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் நடுவார்கள். அத்தனையும் ஒரே வகை. ஒரே நாளில் நட்டது. ஒரே நாளில் வெட்டப்போவது. பயிர் செய்த நிலத்துக்கும் காட்டுக்கும் உள்ள வேற்றுமையை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

அந்த எண்ணிக்கையால் நமக்கென்ன லாபம் என்று கேட்கலாம். நம் பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். அது இந்த மண்ணுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவில் அமேசான் காட்டு மரம். 1876-இல் அங்கிருந்து விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 70,000 விதைகள் போனதில் முளைத்தவை மிகச் சில ஆயிரம். ஏன் தெரியுமா? ரப்பர்க் கொட்டை உலர்ந்தால் செத்துவிடும். சிமெந்துத் தரையில் தேய்த்து, சூடேற்றி, பக்கத்துப் பையனின் கையில் வைத்து அலறவைத்து நாம் விளையாடிய அதே கொட்டைதான். நெல்லைப் போல, கேழ்வரகைப் போலப் பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாத விதை அது. முளைத்தவற்றின் வழியில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. மலாயாவிலேயே முதன்முதலாக ரப்பரை வியாபாரத்துக்காக நட்டவர் நம் மலாக்காவின் டான் சே யான். 1896-இல், புக்கிட் லிந்தாங்கில். கோடிக்கணக்கான மரங்களும், நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையும் அந்தக் கையளவு கன்றுகளிலிருந்து வந்தவை.

கையளவு கன்றிலிருந்து வந்த மரக்கூட்டத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லாம் நெருங்கிய உறவு; ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். அமேசானில் இலைக்கருகல் நோய் ஒன்று இருக்கிறது. அங்கே ரப்பரைத் தோட்டமாக வளர்க்க முயன்ற பெரும் பணக்காரர்களையெல்லாம் அது விரட்டியடித்தது. அந்த நோய் இங்கே வந்தால் தாங்கி நிற்கும் மரம் வேண்டுமே! அதற்காகத்தான் 1981-இல் பல நாட்டு ரப்பர் ஆய்வாளர்கள் ஒன்றுகூடி மறுபடியும் அமேசான் காட்டுக்குள் போய்க் காட்டு ரப்பரின் விதைகளைச் சேகரித்து வந்தார்கள். அவற்றில் ஒரு பங்கு மலேசியாவில் வளர்க்கப்பட்டது. தோட்டத்துக்கு ஒரு நோய் வந்தால் மருந்து தேடிக் காட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

காட்டு ஆராய்ச்சி என்றதும் முழங்கால் பூட்சும் அரிவாளுமாக ஓர் ஆடவர்தான் நம் மனக்கண் முன் வருகிறார். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வேலையைச் செய்த, செய்துவரும் பெண்களைப் பற்றி. முதலில் ஜானகி அம்மாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கப்பலேறிப் போனார். 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண் பிள்ளைக்குப் பதினாறு வயதில் கல்யாணம் முடித்துவிட்ட காலம் அது. அவரோ கடைசிவரை திருமணமே செய்துகொள்ளவில்லை.

அவர் கற்ற கலை நுட்பமானது. எந்தச் செடியானாலும் அதன் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல்நூலாகச் சில இழைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம்கள் என்று பெயர். தாய் தகப்பனின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுபோகிறவை அவையே. எந்தச் செடிக்கு எத்தனை இழை என்று எண்ணினால், எது எதற்குச் சொந்தம், எது எதனோடு கூடிக் காய்க்கும், எது எங்கே பிறந்தது என்றெல்லாம் கண்டுபிடிக்கலாம். வேர் நுனியை மயிரிழை கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் பரப்பி, நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்த்து எண்ண வேண்டிய வேலை. பொறுமையும் கைப்பதமும் இல்லாதவர்களுக்கு அது வராது.

1934-இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார. கரும்பையும், ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் பேய்க்கரும்புப் புல்லையும் பற்றி ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்தோடும் வேறு புற்களோடும் இணைத்துப் புதுக் கலப்புகளை உண்டாக்கினார். வெயிலையும் நோயையும் தாங்கும் குணம் அந்த ஒன்றுக்கும் உதவாத புல்லில் இருக்கிறது. இனிப்பு கரும்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் வயலில் நிற்கும் கரும்பு கிடைக்கும். காட்டுச் செடிக்கு இருக்கும் மதிப்பு அவருக்குக் கரும்பு வயலிலேயே விளங்கிவிட்டது போலும்.

1939-இல் மாநாடு ஒன்றுக்காகப் பிரிட்டன் போனவர் போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. குண்டு விழுந்த லண்டனில் ஆராய்ச்சியை விடவில்லை. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் ஒரு பெரும் நூல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில், நம் செண்பகத்தின் உறவான மக்னோலியா மரங்களில் ஆய்வு செய்தார். அந்த மரத்தில் ஒரு வகைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1951-இல் பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மலை, காடு எல்லாம் சுற்றினார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக இந்தியா முழுவதும் காட்டை அழித்து நிலமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அசாமில் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரே ஓர் அரிய மக்னோலியா மரத்தைப் பார்க்கப் போனார். போய்ச் சேர்ந்தபோது அந்த மரம் எரிக்கப்பட்டிருந்தது. ஒரு மரம் போனால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். குரோமோசோமை எண்ணுகிறவருக்கு அது ஒரு குடும்பத்தின் கடைசி ஆள் செத்துப்போனதற்குச் சமம்.

1955-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் இந்தப் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி ஓர் உலக மாநாடு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். ஏழைக் குடியானவர்களும் மலைவாசிகளும் காட்டையும் நிலத்தையும் நம்பிப் பிழைக்கும் முறையைப் பற்றி அங்கே எடுத்துரைத்தார்.

அவருக்கும் நமக்கும் ஒரு சின்ன உறவு இருக்கிறது. 1958-இல் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். நெல்லியின் குரோமோசோம்களையும் அதிலுள்ள வைட்டமின் சி சத்தையும் பற்றிய கட்டுரை அது. நம் மாநிலத்துக்குப் பெயர் கொடுத்த மரத்தின் குடும்பத்தையும் அந்த அம்மையார் விட்டுவைக்கவில்லை!

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே மதுரவாயலில் மூலிகைச் செடிகளோடு வாழ்ந்தார். அப்போதுதான் அமைதிப் பள்ளத்தாக்கு விவகாரம் எழுந்தது. கேரளத்தில் பாலக்காட்டுக்கு வடமேற்கே குந்திப்புழை ஆறு ஓடும் ஒரு மழைக்காடு அது. சிங்கவால் குரங்குகள் வாழும் காடு. மின்சாரத்துக்காக ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டம் போட்டார்கள். கட்டினால் சுமார் 8 சதுர கிலோமீட்டர்க் காடு நீரில் மூழ்கும். அறிவியல் இயக்கத்தார் எதிர்த்தார்கள். கவிஞர் சுகதகுமாரி முன்னின்று குரல் கொடுத்தார். மறுபக்கம் மின்சாரமும் வேலையும் வேண்டுமென்று கேட்டவர்களும் அந்தப் பகுதி மக்கள்தான். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. லயத்தில் விளக்கில்லாமல் இருந்த காலம் நமக்கும் நினைவிருக்கிறது.

எண்பது வயதைத் தாண்டிய ஜானகி அம்மாள் அந்தக் காட்டின் செடிகளுடைய குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். ‘வெட்டாதே’ என்று முழங்குவது ஒரு வகை. ‘வெட்டப்போகும் இடத்தில் இன்னின்னது இருக்கிறது, உலகில் வேறெங்கும் கிடைக்காது’ என்று பட்டியலை எடுத்து வைப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு ஆராய்ச்சியாளர் வேண்டும். அணைத் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில் ஜானகி அம்மாள் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. 1920-களில் ஈயம் தோண்டிப் பாழ்பட்ட மேட்டு நிலத்தை எடுத்து, கன்று கன்றாக நட்டுக் காடாக்கினார்கள். இன்று ஐந்நூறு ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த மனிதன் நட்ட காட்டை யுனெஸ்கோ 2025-இல் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளோடு பத்துமலைக்குப் போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கி அங்கேயும் போய்வரலாம். அண்ணாந்து பார்த்தால், மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது ஆற்றுப் படம் வரைந்தது போலத் தெரியும்.

அங்கே பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள்? சில உதாரணம் சொல்வோம்.

மெராந்தி, காப்பூர் ஆகிய பெரிய பலகை மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சில சமயம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, காடு முழுவதும் ஏககாலத்தில் பூக்கும். பிறகு இறக்கை முளைத்த காய்கள் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே இறங்கும். அந்த விதையும் ரப்பர்க் கொட்டை மாதிரிதான். சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் செத்துவிடும். அந்த நேரத்தில் பொறுக்கி மண்ணில் சேர்க்காவிட்டால் அடுத்த பூப்பு எப்போதோ! ஆகையால் விதையின் ஈரத்தைக் காத்து உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதற்கென்றே தனி ஆராய்ச்சி நடக்கிறது. விதை ஆய்வுக்கூடங்களில் பெண்கள் நிறையப் பேர் பணியாற்றுகிறார்கள். நம் தோட்டத்து நாற்றுமேடையில் விதை பிரித்து, பையில் மண் நிரப்பி, கன்றுக்கு நிழல் கட்டித் தண்ணீர் ஊற்றிய நம் தாய்மார்களுக்கு அந்த வேலையின் பாதி சொல்லிக் கொடுக்காமலே தெரியும். சம்பளச் சீட்டில் மட்டும் அது ‘வெளிக்காட்டு வேலை’ என்றுதான் எழுதப்பட்டது.

லிலியன் சுவா என்ற அம்மையார் அந்தக் கழகத்தில் தாவர ஆய்வாளராகப் பணியாற்றியவர். தீபகற்ப மலேசியாவின் மெராந்திக் குடும்ப மரங்களில் எது பிழைத்திருக்கிறது, எது அழியும் நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2010-இல் ஒரு சிவப்புப் பட்டியல் வெளிவந்தது. அதைத் தயாரித்த குழுவில் முதற்பெயர் அவருடையது. இப்படிப்பட்ட பட்டியலுக்கு என்ன பயன்? ஒரு குன்றை வெட்டவோ ஒரு ரோட்டைப் போடவோ திட்டமிடும்போது, ‘இங்கே நிற்கும் இந்த மரம் மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் ஒன்று’ என்று காட்டுவதற்கு அதிகாரிகளின் கையில் ஒரு சான்று கிடைக்கிறது.

லீ சூ சீ என்ற அம்மையார் மரங்களின் நோயை ஆராய்ந்தவர். விரைவில் வளரும் பலகை மரம் வேண்டுமென்று நம் நாட்டில் அக்கேசியாவை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். வெளியே பார்த்தால் மரம் செழிப்பாக நிற்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே உளுத்திருக்கும். அந்த உளுப்பையும் அதற்குக் காரணமான பூஞ்சணங்களையும் பற்றி அவர் ஆய்வுகள் செய்தார். உலக வன ஆராய்ச்சி அமைப்புகளின் ஒன்றியத்துக்குத் துணைத் தலைவராகவும் இருந்தார். வெள்ளை வேர்நோய் கண்ட பால்மரத்தைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கும், அடித்தண்டில் காளான் முளைத்துச் சாயும் செம்பனையைப் பார்த்தவர்களுக்கும் இந்த ஆராய்ச்சியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ரூத் கியூ. செர்டாங்கிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்து, பிறகு கெப்போங்கில் பணிபுரிந்த தாவர அறிஞர். சுண்ணாம்புக் குன்றுகளின் செடிகளைப் பற்றி நம் நாட்டில் அவரைப் போல் அறிந்தவர்கள் சிலரே. நமக்குச் சுண்ணாம்புக் குன்று என்றால் பத்துமலை. தைப்பூசத்துக்குப் படியேறும்போது முருகன் சிலையைப் பார்ப்போம், குரங்கைப் பார்ப்போம். பாறை இடுக்கில் தொங்கும் செடியை யார் பார்க்கிறார்கள்? நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தக் குன்றுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடி வகைகள் வளர்கின்றன. சில வகைகள் ஒரே ஒரு குன்றில் மட்டும் உண்டு. அந்தக் குன்றைச் சிமெந்துக்காக உடைத்தால் அந்தச் செடி உலகத்திலிருந்தே போய்விடும். பத்துமலையையும் ஒரு பக்கமாக உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில்தான் அது நின்றது.

அதே பத்துமலைக் குகையில் பூந்தேன் குடிக்கும் வௌவால்கள் வாழ்கின்றன. இரவில் அவை பல மைல் பறந்து போய்ச் சதுப்புக்காட்டுப் பூவில் தேன் குடிக்கும். டுரியான் பூவிலும் பெத்தாய்ப் பூவிலும் குடிக்கும். டுரியான் பூ மாலையில் விரிந்து விடியுமுன் உதிரத் தொடங்குவது. பகலில் பறக்கும் தேனீக்கு அங்கே வேலை குறைவு. வௌவாலின் மயிரில் ஒட்டிய மகரந்தம்தான் மரத்துக்கு மரம் போகிறது.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர் ஷீமா அப்துல் அஸிஸ் என்ற மலேசியப் பெண் ஆய்வாளர். தியோமான் தீவில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் டுரியான் பூவைத் தின்று நாசம் செய்கின்றன என்பது பலருடைய எண்ணம். ஷீமாவும் அவருடைய குழுவினரும் டுரியான் மர உச்சிகளில் தானாகப் படம் பிடிக்கும் கருவிகளைக் கட்டிவைத்தார்கள். வௌவால் வந்தது, தேனை நக்கியது, பூவைக் கெடுக்காமல் போனது. அந்தப் பூக்கள் பிஞ்சு பிடித்தன. 2017-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். திருடன் என்று பெயர் வாங்கியவன் உண்மையில் தோட்டக்காரனுக்கு உதவுகிறவன் என்று நிரூபிக்க ஒரு பெண் மலையேறி, மரமேற ஆள் கூட்டி, இரவுக் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். பழந்தின்னி வௌவாலுக்கு மலாயில் கெலுவாங் என்று பெயர். குளுவாங் பட்டணத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

குளுவாங் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. செம்பனையின் பூவுக்குக் கையாலே மகரந்தம் தூவிய வேலை நம் பெண்களில் வயதானவர்களுக்கு மறந்திருக்காது. ஆண்பூத் தூளைச் சேர்த்து, பாளை பாளையாகப் பார்த்துப் பெண்பூவின் மீது அடித்துக்கொண்டே போக வேண்டும். முள் குத்தும், பாம்புப் பயம் வேறு. செம்பனையின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் அந்த வேலையை ஒரு சின்னஞ்சிறு வண்டு செய்கிறது என்பதைக் கண்டுபிடித்து, கமரூன் நாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து, 1981-இல் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் விட்டார்கள். சில காலத்துக்குள் நாடெங்கும் பரவியது. குலைகள் நிறையக் காய்த்தன. முதலாளிகளுக்கு லாபம் பெருகியது. தூள் அடித்த பெண்களுக்கு அந்த வேலையும் அதற்கான கூலியும் நின்றுபோயின. ஆராய்ச்சியின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்போது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. ஆனாலும் வண்டு ஒன்று, வௌவால் ஒன்று நமக்காகக் கூலியில்லாமல் உழைக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்த உண்மை.

படித்த பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதில் இடமில்லையா? கர்நாடகத்தில் மாகடிப் பக்கம் ஹுலிகல் என்ற கிராமத்தில் திம்மக்கா என்றொரு பெண்மணி. பள்ளிக்கூடம் போகாதவர், கல்லுடைக்கும் இடத்தில் கூலி வேலை. பிள்ளையில்லாத குறைக்கு அவரும் அவர் கணவரும் ரோட்டோரமாக ஆலங்கன்று நட ஆரம்பித்தார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து, ஆடு மாடு கடிக்காமல் முள்வேலி கட்டி, நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு 385 மரங்கள் ஆக்கிவிட்டார்கள். 2019-இல் இந்திய அரசு திம்மக்காவுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. இமயமலையில் ரேணி கிராமத்தில் 1974 மார்ச் 26 அன்று, ஊர் ஆண்களெல்லாம் வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் குத்தகைக்காரனின் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். கௌரா தேவி என்ற விதவைத் தாய் சில பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிப்போய் மரங்களை மறித்து நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு வங்காரி மாத்தாய் 1977-இல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் நடும் இயக்கம் தொடங்கி, 2004-இல் நோபல் சமாதானப் பரிசே பெற்றார். அந்தப் பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்து நடந்து ஓய்ந்தவர்கள். காடு போனால் முதலில் தூரம் கூடுவது அவர்கள் நடைக்குத்தான்.

கடைசியாக, தாய்மார்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம். ‘பொம்பளைப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? பெரட்டுக்களத்திலும் பால் வெட்டிலும் நாங்கள் பட்டது போதாதா? மேசை நாற்காலி வேலை வேண்டும் என்றுதானே படிக்க வைக்கிறோம்.’ நியாயமான கேள்வி. நாங்களும் அந்த லயத்துப் பிள்ளைகள்தான். இருட்டோடு எழுந்து போன தாய்மார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே மழுப்பாமல் சொல்கிறோம். காட்டு ஆராய்ச்சியில் அட்டைக்கடி உண்டு. மழையில் நனைய வேண்டும். கூடாரத்தில் தூங்க வேண்டும். தனியாக யாரையும் அனுப்புவதில்லை, குழுவாகத்தான் போவார்கள், வழி தெரிந்த வனக் காவலரோ ஓராங் அஸ்லி வழிகாட்டியோ உடன் வருவார். காட்டிலிருந்து திரும்பிய பிறகு பெரும்பகுதி வேலை ஆய்வுக்கூடத்திலும் கணினி முன்னாலும்தான். காய்ந்த இலையைத் தாளில் ஒட்டிப் பெயரெழுதி அடுக்குவதற்கென்றே பெரிய அலமாரிகள் நிறைந்த கூடம் கெப்போங்கில் இருக்கிறது. காட்டுக்குள் கால் வைக்காமலே மரபணு பார்க்கிறவர்களும் உண்டு.

படிப்புக்கு வழி இது: நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை விடாமல் எடுக்க வேண்டும், உயிரியலும் இரசாயனமும் முக்கியம். வனவியலைச் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் சபா பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். முன்னே நாம் சொன்ன விவசாயப் பல்கலைக்கழகம்தான் 1997-இல் புத்ரா என்று பெயர் மாறியது. வனவியலே படிக்க வேண்டுமென்பதில்லை. தாவரவியல், விலங்கியல், மண்ணியல், மரபணுவியல், புள்ளியியல் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடமுண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை நான்காம் படிவத்தில் ‘அறிவியல் கஷ்டம்’ என்று ஒதுங்கிவிடுவதைத்தான் வீட்டார் தடுத்து நிறுத்த வேண்டும். அந்த ஓர் இடத்தில்தான் பல பிள்ளைகளின் வண்டி பாதை மாறிப் போகிறது.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மலாக்கா நகரத்துக் கடைவீதிக்குக் கூட்டிப்போகிறவர்கள், வழியில் சுங்கை ஊடாங்கில் இறங்குங்கள். காலையிலேயே போவது நல்லது. கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தரையில் இரண்டு மூன்று இறக்கை வைத்த காய் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடந்தால் அந்த ஆண்டு மெராந்திக் குடும்ப மரம் காய்த்திருக்கிறது என்று பொருள். தூக்கி எறிந்து சுழல்வதைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே, ஈர மண்ணில், இறக்கை மேலே தெரிய வைத்துவிட்டு வரட்டும்.